பிற நாடுகளின் மேசை

மேசை மேல் நிறுத்தி வைத்திருந்த அட்டையில் 'பிற நாடுகள்' என்று அச்சடித்திருந்தது. லொரெய்ன் பெக்வித் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமாவது ஏதாவது எழுதியிருப்பார்களோ என்று ஒரு நப்பாசை. ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

மற்ற மேசைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு குட்டிக் கொடி உண்டு. நடுக்கூடத்தில் அமெரிக்காவின் மேசை. பன்னிரண்டு பேர், தோல் நாற்காலிகள். அதற்கு எதிரே சீனா. பக்கவாட்டில் ரஷ்யா, ஐரோப்பா, ஜப்பான். பிற நாடுகளை வாசற்கதவை ஒட்டி, காப்பி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். காப்பி எடுக்க வருகிறவர்கள் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துவிட்டு, மிச்சக் காகிதத்தை அந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

வாஷிங்டனில், தூதரகங்கள் வரிசையாக நிற்கிற பெரிய சாலையில் இருக்கிறது பெம்பர்ட்டன் உலக விவகாரக் கழகம். நாட்டின் வெளியுறவுக் கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்வதுதான் அதன் தொழில். சொன்ன யோசனையெல்லாம் சொதப்பியும் தொழில் மட்டும் அமோகமாக நடந்துகொண்டிருந்தது. ஆண்டுக்கொரு முறை அங்கே ஓர் ஒத்திகை ஆட்டம் வைப்பார்கள். பதவியில் இருந்து ஓய்ந்தவர்கள் மேசைக்கொரு நாடாக உட்கார்ந்து, ஒரு கற்பனை நெருக்கடியைக் காலையிலிருந்து மாலை வரை ஆடித் தீர்ப்பார்கள். ஒரு சுற்று ஒரு மாதத்துக்குச் சமம். ஆறு சுற்று. முடிவில் ஓர் அறிக்கை வரும். அதை நாடாளுமன்ற உறுப்பினர்களின் உதவியாளர்கள் படிப்பார்கள், படித்ததாகச் சொல்வார்கள். இந்த ஆண்டு தலைப்பு 'மாறும் உலக ஒழுங்கு'. மத்தியானச் சாப்பாட்டுச் செலவை ஏவுகணை செய்கிற ஒரு கம்பெனி ஏற்றிருந்தது.

லொரெய்ன் முப்பது ஆண்டுக்கு மேல் வெளியுறவுத் துறையில் இருந்தவள். பெரும்பாலும் ஆப்பிரிக்கா, கொஞ்ச காலம் டாக்கா. கடைசியில் அட்லாண்டிக் கரையோரத்துச் சின்ன நாடொன்றில் தூதர். ஓய்வு பெற்ற மறு வருஷம் கணவர் ரே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவளுடைய தொலைபேசியில் பல் டாக்டரின் அலுவலகத்தைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. அப்படி இருக்கையில்தான் கழகத்தின் தலைவன் கிராண்ட் ஹாலிஸ்டர் போன மாதம் அவளைச் சாப்பிட அழைத்து, "உன்னைப் போல ஆள்தான் எங்களுக்கு வேணும் லொரெய்ன். ஆட்டம் முடியட்டும், பேசுவோம்" என்று சொல்லியிருந்தான். மூன்றாம் மாடியில் ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியாக இருப்பதைப் போகிற போக்கில் காட்டவும் செய்தான். அந்த ஜன்னலை அவள் அதற்குப் பிறகு பல முறை நினைத்துப் பார்த்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

"வாங்க அம்பாசிடரம்மா" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான் முட்டாலே கபம்ப்வே. ஸாம்பியாக்காரன், பொருளாதாரம் படித்தவன், லுசாகாவிலிருந்து ஆறு மாதத்துக்கு இந்தக் கழகத்துக்கு விருந்தாளி ஆய்வாளராக வந்திருந்தான். கட்டடத்திலேயே சத்தம் போட்டுச் சிரிக்கிற ஒரே ஆள். "நூத்து முப்பது நாடு. நீங்களும் நானும். எப்படிப் பிரிச்சுக்கலாம்?"

"உனக்கு எது வேணும்?"

"ஆப்பிரிக்கா எனக்கு. பழகின தொல்லை. தென் அமெரிக்காவும் ஆசியாவும் நீங்க எடுத்துக்கங்க. பசிபிக் தீவுகளைச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்."

லொரெய்ன் பட்டியலைப் பார்த்தாள். "இந்தியாவுமா நம்மகிட்ட இருக்கு?"

"நேத்து வரைக்கும் ஜப்பான் மேசைல இருந்துச்சாம். அங்க நாற்காலி பத்தலையாம்."

நடுவராக நின்றவள் ஜீனா பலடீனோ. கறாரான பெண்மணி, ஒரு காலத்தில் ராணுவக் கல்லூரியில் இதே வேலை செய்தவள். அவள் ஒலிபெருக்கியில் நெருக்கடியை வாசித்தாள். ஆசியாவில் ஒரு நீரிணையைச் சீனக் கடற்படை மூடிவிட்டது. அமெரிக்கக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடல் வழியாகப் போக வேண்டும். என்ன செய்யப் போகிறீர்கள்?

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தது ஹாலிஸ்டரேதான். ஒவ்வொரு ஆண்டும் அவன்தான் ஜனாதிபதி. நிஜத்தில் அவன் எட்டிய உச்சம் ஒரு துணைச் செயலாளர் பதவி. அதில் அவன் ஆதரித்த இரண்டு போர்களும் நாசமாய்ப் போயின. அதைப் பற்றி அவன் எழுதிய 'பாடங்கள்' என்ற கட்டுரைக்கு விருது கிடைத்தது. இப்போது எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கூடம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"சுதந்திர உலகம் இதைச் சகிச்சுக்காது. தொண்ணூறு நாடுகள் எங்களோட தோளோடு தோள் நிக்குது."

லொரெய்ன் கையைத் தூக்கினாள். "எந்தத் தொண்ணூறு?"

ஹாலிஸ்டர் ஜீனாவைப் பார்த்தான். ஜீனா தன் காகிதத்தைப் பார்த்தாள். "அது அனுமானம்" என்றாள்.

முட்டாலே லொரெய்னின் காதருகே குனிந்தான். "நாம அனுமானமா, அம்பாசிடரம்மா? நான் காலைல குளிச்சு, சட்டை இஸ்திரி போட்டு வந்தேனே."

இரண்டாம் சுற்றில் அமெரிக்கா சீனாவோடு எல்லோரும் வணிகத்தை நிறுத்த வேண்டும் என்று அறிவித்தது. ஐரோப்பா மேசை பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டது. பிற நாடுகளிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டதாகத் திரையில் மட்டும் போட்டார்கள். லொரெய்ன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அமெரிக்க மேசைக்கு அனுப்பினாள்: 'இதனால் எங்களுக்கு வரும் நஷ்டம் பற்றி ஜனாதிபதியிடம் பேச வேண்டும்.'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அடுத்த அரையாண்டில் ஒரு துணை உதவிச் செயலாளர் உங்களைச் சந்திப்பார்.

"துணை உதவியா?" என்றான் முட்டாலே. "உதவிக்குத் துணையா, துணைக்கு உதவியா? அடுத்த அரையாண்டுன்னா ஆட்டம் முடிஞ்சு ஆளுங்க ஒயின் குடிச்சிட்டு இருப்பாங்களே."

"நிஜத்துலயும் அப்படித்தான் அனுப்புவோம்" என்றாள் லொரெய்ன்.

"நிஜத்துல அந்தாளும் வரமாட்டான்மா. விமானம் ரத்தாயிடும்."

அப்போதுதான் சீனா எழுந்து வந்தது. சீனாவாக இருந்தவர் அட்மிரல் டேல் ஸ்ட்ரிக்லண்ட். நெட்டையான கிழவர், பசிபிக் கடற்படையில் காலத்தைக் கழித்தவர். காப்பி எடுக்கத்தான் வந்தார். எடுத்துவிட்டு, என்ன தோன்றியதோ, காலி நாற்காலியை இழுத்துப் பிற நாடுகளின் மேசையில் உட்கார்ந்தார். தட்டில் இருந்த பிஸ்கட்டில் ஒன்றை முட்டாலே பக்கம் நகர்த்தினார்.

"சரி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. லொரெய்னுக்கு இன்னொன்றும் உறைத்தது. தன் உத்தியோக காலம் முழுவதும், எத்தனையோ அமைச்சர்களின் வரவேற்பறைகளில் உட்கார்ந்து, தானும் அதைக் கேட்டதில்லை. 'எங்களுக்கு வேண்டியது இது' என்பதைத்தான் நாசூக்காகச் சொல்லியிருக்கிறாள்.

முட்டாலே யோசிக்கவே இல்லை. "செம்பை மண்ணும் கல்லுமா வெட்டி அனுப்புறோம். அப்புறம் கம்பியா விலை குடுத்து வாங்குறோம். உருக்காலை எங்க ஊர்லயே வேணும். கடற்கரை வரைக்கும் ரயில் வேணும். ரயிலை ஓட்டுறதும் எங்க ஆளுங்களா இருக்கணும்."

"சரி" என்றார் அட்மிரல்.

"யோசிக்க வேணாமா?"

"இன்னிக்கு ஒரு நாள்தான் நான் சீனா. பணம் என்னுதில்ல. மேல சொல்லுங்க."

லொரெய்ன் குறுக்கிட்டாள். "எங்க கடல்ல உங்க பெரிய மீன்பிடிக் கப்பல்கள் வரக்கூடாது. கரையோரத்துக்காரங்க வலையில ஒண்ணும் விழ மாட்டேங்குது."

அட்மிரலின் முகம் மாறியது. "அது கஷ்டம்."

"பார்த்தியா" என்றாள் லொரெய்ன் முட்டாலேயிடம். "நம்மளை விட நல்லவங்கன்னு நினைச்சிடாதே. சாப்பாட்டுத் தட்டுல கை வச்சா எல்லாரும் ஒரே மாதிரிதான்."

பேரம் நடந்தது. பாதிக் கடலுக்கு ஒப்புக்கொண்டார். முட்டாலே இன்னொரு பிஸ்கட்டையும் கறந்தான். அட்மிரல் போன பிறகு இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பேசி, மூன்றாம் சுற்றுக்கான நடவடிக்கையை எழுதினார்கள். லொரெய்னே எழுந்து வாசித்தாள்.

"நீரிணைத் தகராறு தீர்ற வரைக்கும் பிற நாடுகளின் துறைமுகங்கள்ல எந்தப் பக்கத்துப் போர்க்கப்பலுக்கும் இடம் கிடையாது. மொம்பாசாவிலேருந்து கொழும்பு வரைக்கும். எரிபொருள், தண்ணி, பழுது பார்க்கிறது, எதுவும் கிடையாது. அமெரிக்காவுக்கும் இல்ல, சீனாவுக்கும் இல்ல."

அட்மிரல் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்துச் சிரித்தார். ஹாலிஸ்டர் எழுந்து நின்றான்.

"நீ இதைச் செய்ய முடியாது."

"ஏன்?"

"இது இந்தச் சூழ்நிலையிலேயே இல்ல!"

"எதுல இல்ல கிராண்ட்? எங்க துறைமுகம் எங்களுதுங்கிறதா?"

"ஜீனா!" என்று கத்தினான் ஹாலிஸ்டர்.

கப்பல்களுக்கு எண்ணெய் இல்லாவிட்டால் அமெரிக்காவின் திட்டம் முழுவதும் நடுக்கடலில் நின்றுவிடும். மிச்சம் மூன்று சுற்றிலும் ஆட வேண்டியது, புது ஏவுகணைகள் வித்தை காட்ட வேண்டியது, எல்லாம் பாழ். ஜீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சாப்பாட்டு இடைவேளையை முன்னதாகவே அறிவித்தாள்.

வான்கோழிக் கறி வைத்த ரொட்டியை லொரெய்ன் எடுத்துக்கொண்டிருந்தபோது ஹாலிஸ்டர் அவள் முழங்கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப் போனான். முகத்தில் புன்னகை இருந்தது. பற்கள் மட்டும் செய்த புன்னகை.

"அருமையா ஆடுறே. சுவாரசியமா இருக்கு. ஆனா போதும்."

"நான் பிற நாடுகள் கிராண்ட். நீதானே உட்கார வச்சே."

"நீ அமெரிக்கக்காரி லொரெய்ன்."

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல."

அவன் குரலைத் தாழ்த்தினான். "சாயங்காலம் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. செனட்லேருந்து ஆள் வர்றாங்க. இந்தக் கம்பெனிக்காரர் இன்னும் அஞ்சு வருஷத்துக்கு ஆதரவு தர்றதா இருக்கார். ஆட்டம் மூணாவது சுத்துல முடிஞ்சுபோச்சுன்னு நான் அவர்கிட்ட சொல்ல முடியுமா? மூணாம் மாடி அறையைப் பத்தி நாம பேசணும்னு இருந்தோம். அதை நீ ஞாபகத்துல வச்சுக்க. அப்புறம், உன்கூட உட்கார்ந்திருக்காரே அந்தத் தம்பி. அவரோட தவணையை நீட்டிக்கிறது இன்னும் என் கைலதான் இருக்கு."

அவன் போய்விட்டான். லொரெய்ன் ரொட்டியைக் கீழே வைத்தாள். தன் அறை போனால் போகட்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தாள், கொஞ்சம் வலித்தது. ஆனால் முட்டாலேயின் பிழைப்பில் கை வைக்கிறானே. மேசைக்குத் திரும்பி அவனிடம் அப்படியே சொன்னாள்.

முட்டாலே வாயிலிருந்த ரொட்டி சிதறச் சிரித்தான். "நீட்டிப்பா? இந்தக் குளிர்லயா? லுசாகால நிதி அமைச்சகத்துல எனக்கு வேலை ஆயிடுச்சும்மா. ரெண்டு வாரத்துல கிளம்புறேன். என் பெண்டாட்டி 'இன்னும் ஒரு மாசம் இருந்தா கதவைப் பூட்டிடுவேன்'னு சொல்லியிருக்கா. இங்க யாரும் கேட்கல, அதனால நானும் சொல்லல."

"யாருமே கேட்கலையா?"

"ஆறு மாசத்துல என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, 'உங்க ஊர்ல சிங்கம் இருக்கா?' இருக்குன்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

இடைவேளை முடிந்தது. ஜீனா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தபோது அவள் காது சிவந்திருந்தது. நேர்மையாக வேலை செய்து பழகிய பெண். ஏவுகணைக் கம்பெனிக்காரரோடும் ஹாலிஸ்டரோடும் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்துவிட்டு வந்திருந்தாள். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே வாசித்தாள்.

"நடுவர் குழுவின் தீர்ப்பு. பிற நாடுகளில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்திருக்கிறது. புதிய அரசுகள் அமெரிக்காவின் நட்பு அரசுகள்."

"எந்த நாட்டுல?" என்றான் முட்டாலே.

ஜீனா காகிதத்தை மறுபடி பார்த்தாள். "எல்லா நாட்டுலயும்."

ரஷ்யா மேசையில் யாரோ காப்பியைத் துப்பிவிட்டார்கள்.

"நூத்து முப்பது நாட்டுலயும் ஒரே மத்தியானத்துலயா? சாப்பாட்டு நேரத்துலயா?" முட்டாலே எழுந்தே விட்டான். "இந்தியாவுலயுமா? பிரேசில்லயுமா? அம்மா, அவ்வளவு தளபதிகளுக்கு யார்மா சீருடை தைச்சது?"

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. ஹாலிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஆட்சிக் கவிழ்ப்பு அவனுக்கு நகைச்சுவை அல்ல. ஒரு காலத்தில் அவன் அன்றாடம் பார்த்த வேலை.

"அப்ப புது அரசும் துறைமுகத்தைத் திறக்காது" என்றான் முட்டாலே.

"முடியாது. நட்பு அரசு மறுக்க முடியாது. அதுதான் தீர்ப்பு" என்றாள் ஜீனா.

முட்டாலே சோர்ந்து உட்கார்ந்தான். லொரெய்னின் நினைவில் ஒரு வரவேற்பறை வந்து நின்றது. அவள் தூதராக இருந்த அந்தச் சின்ன நாட்டின் வெளியுறவு அமைச்சர், ஃபோடே என்று பெயர், குண்டான மனிதர். வாஷிங்டனிலிருந்து ஒவ்வொரு கட்டளை வரும்போதும் அவள் போய் உட்கார்ந்து வாசிப்பாள். ஐ.நா.வில் இப்படி ஓட்டுப் போடுங்கள், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள், இந்தக் கம்பெனியை வெளியேற்றுங்கள். அவர் தேநீரைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்து, "ஆகட்டும் மேடம், தாராளமா" என்பார். வாசல் வரை வந்து வழியனுப்புவார். மூன்று ஆண்டுகளில் ஒன்றுகூட நடக்கவில்லை. மழைக்காலம் வந்துவிடும், கோப்பு வேறு அமைச்சகத்துக்குப் போயிருக்கும், கையெழுத்துப் போட வேண்டியவரின் மாமியார் இறந்திருப்பார். அவளோ வாஷிங்டனுக்கு 'மிகவும் ஒத்துழைக்கிறார்' என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்காகப் பாராட்டுப் பத்திரமும் வாங்கினாள்.

எப்பேர்ப்பட்ட மனிதர் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"முட்டாலே, நாம மறுக்க வேணாம்" என்றாள் மெல்ல. "வரவேற்போம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கன்னம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "அம்பாசிடரம்மா, உங்களை யாரோ நல்லா வளர்த்திருக்காங்க."

நான்காம் சுற்றில் லொரெய்ன் எழுந்து, தலை சாய்த்து, "எங்கள் அன்பு நண்பர்களான அமெரிக்கர்களுக்கு எல்லாத் துறைமுகமும் திறந்திருக்கு. தாராளமா வாங்க" என்றாள். ஹாலிஸ்டர் மேசை கை தட்டியது. திரையில் கப்பல்கள் மொம்பாசாவை நோக்கி நகர்ந்தன.

"கப்பலைத் துறைமுகத்துக்குள்ள வழிகாட்டிக் கூட்டிட்டு வர்ற ஆள் மட்டும் லீவுல இருக்கார்" என்றான் முட்டாலே, மிகுந்த வருத்தத்தோடு. "அண்ணன் மகளுக்குக் கல்யாணம். திங்கட்கிழமை வந்துடுவார்."

"வேற ஆள் இல்லையா?" என்றான் ஹாலிஸ்டர்.

"இருக்காரே. அவரும் அதே குடும்பம்."

கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குத் திரும்பின. அங்கே ராணுவ வரவேற்பு இருந்தது. வாத்தியக் குழு வாசித்தது. எண்ணெய்க் குழாயில் மட்டும் சின்னப் பழுது. உதிரிப் பாகம் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும் என்றாள் லொரெய்ன், பழைய நட்பின் உரிமையோடு. ஐந்தாம் சுற்றில் ஒரு நாட்டின் நாடாளுமன்றம் அமெரிக்காவுக்கு நன்றி சொல்லி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அந்த விவாதம் முடிகிற வரை துறைமுக அமைச்சர் இருக்கையை விட்டு எழ முடியவில்லை. இன்னொரு நாடு கப்பலுக்கு மிகச் சிறந்த எண்ணெய் தர ஆசைப்பட்டு, அது எந்த எண்ணெய் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டது. குழுவின் தலைவராக ஓர் அமெரிக்கரையே நியமிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. எந்த அமெரிக்கர் என்பதில் ஹாலிஸ்டரின் மேசைக்குள்ளேயே சண்டை வந்து, அதிலேயே அந்தச் சுற்று போய்விட்டது.

ஹாலிஸ்டரின் கழுத்து சிவந்துவிட்டது. "இது வேணும்னே செய்யுற நாடகம்! ஜீனா, இவங்க எதிர்க்கிறாங்க!"

ஜீனா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவள் உதட்டோரம் எதையோ அடக்கிக்கொண்டிருந்தது. "எங்கயும் எதிர்ப்பு இல்லையே, மிஸ்டர் பிரசிடென்ட். எல்லா இடத்துலயும் சரின்னுதான் சொல்லியிருக்காங்க. நட்பு அரசு சரின்னு சொல்லணும்கிறதுதான் தீர்ப்பு."

ஆறாம் சுற்றின் முடிவில் அமெரிக்கக் கடற்படை ஏதோ ஒரு துறைமுகத்து வாசலில், கொடிகள் பறக்க, எண்ணெய் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. நீரிணை திறக்கவே இல்லை. அட்மிரல் நாற்காலியில் தூங்கியே போய்விட்டார்.

மாலை விருந்தில் ஒயின் கோப்பையைத் தட்டி எல்லோரையும் அமைதிப்படுத்திவிட்டு ஹாலிஸ்டர் பேசினான். அமெரிக்காவுக்கு ஒரு மூலோபாய வெற்றி கிடைத்திருப்பதாகச் சொன்னான். உலகின் பெரும் பகுதி அமெரிக்காவின் பக்கம் நின்றது ஐயமறத் தெரிந்துவிட்டதாம். நின்றவர்களோடு இன்னும் நெருங்கிப் பழக வேண்டும். அதற்கென்று கழகத்தில் ஒரு தனி மையம் தொடங்கப் போகிறார்கள். ஆதரவுக்குக் கம்பெனிக்காரருக்கு நன்றி. எல்லோரும் கை தட்டினார்கள். சற்று முன்னால் தோற்ற அதே ஆட்கள், அதே கைகள்.

கூட்டம் கலைந்ததும் அவன் நேரே லொரெய்னிடம் வந்தான். கோபத்தின் சுவடே முகத்தில் இல்லை. தோல்வியை ஜீரணித்துவிட்டு அடுத்த பந்தியில் உட்காரத் தெரிந்தவன்.

"இன்னிக்கு நீ பண்ணினது ஒரு பொக்கிஷம். புது மையத்துக்கு நான் தலைவரா இருப்பேன். நீ எனக்குத் துணையா வா. மூணாம் மாடி அறை. அந்த ஆளுங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு நீ எனக்குச் சொல்லு, நான் மேலிடத்துல சொல்றேன்."

ஜன்னல் ஒரு கணம் அவள் கண் முன் வந்தது. அதில் மரங்கள் தெரியும், நல்ல வெளிச்சம்.

"வேணாம் கிராண்ட்."

"ஏன்? இதைத்தானே எதிர்பார்த்தே?"

"எதிர்பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா உன்கிட்ட விமான டிக்கெட் வாங்கக் காசு இருக்கு. காதும் இருக்கு. என்னைப் போல ஒருத்தியை நடுவுல வச்சு இத்தனை வருஷம் என்ன கிழிச்சோம்? நான் எழுதினதையே படிச்சு ஏமாந்துட்டு, இப்ப மறுபடி என்னையே எழுதச் சொல்றே."

"உணர்ச்சிவசப்படுறே."

"இல்ல. பசிக்குது. இங்க சாப்பாடு வாய்ல வைக்க விளங்கல."

கோட்டுகள் தொங்கும் இடத்தில் அட்மிரல் ஸ்ட்ரிக்லண்ட் கையைக் கோட்டுக்குள் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார். லொரெய்ன் பிடித்துவிட்டாள்.

"ரெண்டு பிஸ்கட்டுக்கு ஒரு கண்டத்துல பாதியை வாங்கிட்டேன்" என்றார் அவர். "என் வாழ்நாள்ல விமானந்தாங்கிக் கப்பலை வச்சு அவ்வளவு சம்பாதிச்சதில்ல. என்ன வெட்கக்கேடு."

முட்டாலே வாசலில் காத்திருந்தான். இருவரும் டாக்சி பிடித்து ஓர் எத்தியோப்பியக் கடைக்குப் போய்க் கையால் பிசைந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். நிஷிமா என்கிற மக்காச்சோளக் களியும் கீரையும் இல்லாதது எல்லாம் ஒரு சாப்பாடா என்று அவன் கடைசி வரை புலம்பினான். ஆனாலும் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அறிக்கை வசந்த காலத்தில் வெளிவந்தது. வழவழப்பான அட்டை. பிற நாடுகள் உற்சாகத்தோடு பங்கேற்றன என்று ஒரு வரி இருந்தது. ஆட்சிக் கவிழ்ப்பை 'ஆட்சி மாற்றச் சூழல்' என்று நாகரிகமாகச் சொல்லியிருந்தார்கள். லொரெய்ன் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிக் குடும்பங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போக ஆரம்பித்திருந்தாள். அறிக்கையைப் பாதி படித்துவிட்டு மழைக்கு ஒழுகும் பால்கனிக் கதவின் கீழே செருகி வைத்தாள். நல்ல தடிமன், தண்ணீர் வரவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் லுசாகாவிலிருந்து முட்டாலே அழைத்தான். பின்னணியில் கார் ஹாரன்களும் யாரோ சோளம் விற்கிற குரலும் கேட்டன.

"அம்பாசிடரம்மா, உங்க கிராண்ட் இங்க வந்திருந்தாரு! புது மையத்துக்காக ஆப்பிரிக்கா முழுக்கச் சுத்துறாராம். 'உங்க குரலைக் கேட்க வந்திருக்கேன்'னு சொல்லி உட்கார்ந்தாரு. எங்க அமைச்சரும் நானும் இன்னும் நாலு பேரும் பேசலாம்னு தயாரா வந்தோம். மனுஷன் நிறுத்தாம ஒரு மணி நேரம் பேசினாரு. அமைச்சர் ரெண்டு தடவை வாயைத் திறந்து மூடிட்டாரு."

லொரெய்ன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்னைப் பார்த்ததும் என்ன சொன்னான்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். போறப்ப வரிசையா எல்லார் கையையும் குலுக்கினாரு. என்கிட்ட வந்ததும் ரொம்ப நேரம் கையை விடல. சரி, ஞாபகம் வந்துடுச்சு போலன்னு நினைச்சேன். 'உங்களை முதல் தடவையா சந்திக்கிறதுல ரொம்ப மகிழ்ச்சி, எப்பவாவது வாஷிங்டனுக்கு வந்திருக்கீங்களா?'ன்னு கேட்டாரும்மா."

"நீ என்ன சொன்னே?"

"இல்லைங்க, அங்க சிங்கம் இருக்குமான்னு பயமா இருக்குன்னேன். அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுன்னு தைரியம் சொல்லிட்டுப் போனாரு."